60 செ.மீ. குவார்ட்ஸ் நாளம்: தங்கம் தட்டில் நின்றது, வெள்ளி நிற்கவில்லை

தங்கமும் வெள்ளியும் இருக்கின்றனவா என்று பார்க்க எடுத்துக்கொண்டது 60 செ.மீ. அகலமுள்ள குவார்ட்ஸ் நாளம், அதாவது பாறை வெடிப்பில் குவார்ட்ஸ் நிரம்பிய பட்டை. வெங்கச்சங்கல் என்றால் பலருக்கும் புரியும். மேலே துருப் பழுப்பு, உடைத்தால் பால்வெள்ளை, ஊடே சின்னச் சின்னக் கனசதுரப் பொந்துகள். பளபளப்பைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தப் பொந்துகளைத்தான். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல் மின்னும் கனிமம்) படிகங்கள் இருந்து, காற்றும் மழைநீரும் பட்டுச் சிதைந்து போன இடம் அது. பைரைட்டுக்குள் பொடியாக அடைபட்டிருந்த தங்கம் கரையாமல் துருவோடு தங்கிவிடும். அதனால்தான் மேற்பரப்புக் கல்லில் கிடைக்கும் தங்கம், சில மீட்டர் கீழே துருப்படாத கல்லை இடித்து, தட்டில் நீர்விட்டு அரிக்கும்போது காணாமல் போகும். அங்கே அது இல்லை என்று அர்த்தமில்லை; பைரைட்டை விட்டு வெளிவரவில்லை, அவ்வளவுதான்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். மின்னும் துண்டாகப் பொறுக்கினால் மின்னும் கணக்குதான் வரும். நாளத்துக்குக் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. ஆழத்துக்கு உளியால் வாய்க்கால் வெட்ட வேண்டும். 60 செ.மீ. நீளத்துக்கு 750 கன செ.மீ.; குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால் சுமார் 2 கிலோ. மெத்தென்ற துருப்பகுதி தானாக உதிரும், கெட்டிக் குவார்ட்ஸ் அடம்பிடிக்கும். கை தன்னையறியாமல் மெத்தென்றதையே அதிகம் சேர்க்கும். தங்கமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும் என்பதால் கணக்கு உயர்ந்துவிடும். இருபுறப் பக்கப் பாறையிலும் 30 செ.மீ. வீதம் தனித்தனிப் பைகளில் எடுக்க வேண்டும். நாளத்தோடு கலந்தால் எது எங்கிருந்து வந்தது என்பது போய்விடும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி இதற்கெல்லாம் முன்.

உடைத்த முகத்தை லென்ஸில் பார்ப்பதும் வீண்போகாது. மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காகப் படிந்து, தகடு தகடாக வளர்ந்த கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடித்திருந்தால், அது தரைமட்டத்துக்கு அருகே கொதித்த வெந்நீர் விட்டுச்சென்ற நாளம். வெள்ளி தங்கத்தைவிடப் பல மடங்கு இருக்க வாய்ப்புண்டு. பட்டைகள் இன்றி, கெட்டியான பால்நிறக் குவார்ட்ஸும் ஊடே பக்கப் பாறைச் சீவல்களுமாக இருந்தால் பெரும்பாலும் ஆழத்தில் உருவானது. அங்கே தங்கமே முந்தும். இந்த நாளம் இரண்டாவது வகை போலத்தான் தெரிந்தது. அந்த நம்பிக்கையில் வெள்ளியை மறந்துவிடுவது எளிது.

இரும்பு உரலில் இடித்து 0.5 மி.மீ. சல்லடையில் சலித்தாயிற்று. சல்லடை மேல் நிற்பதைக் கொட்டிவிடக் கூடாது. தங்கம் நொறுங்காது, தட்டையாகும். பெரிய துகள் மேலேயேதான் நிற்கும். ஒரு மாதிரி முடிந்ததும் வெறும் குவார்ட்ஸை ஒரு பிடி போட்டு இடித்து உரலைத் துடைக்காவிட்டால், முந்தைய மாதிரியின் தங்கம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரமாக இடிப்பதும் தூசிக்கேற்ற முகமூடியும் கட்டாயம். இடிக்கையில் பூண்டு வாடை வந்தால் ஆர்சனோபைரைட், ஆர்சனிக் உள்ள கனிமம். அந்தக் கல்லை வறுக்கவே கூடாது, ஆர்சனிக் புகையாகக் கிளம்பும்.

தூளைக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைச் சேர்த்து 1 கிலோவை அரிப்புத் தட்டுக்கும் மீதியை ஆய்வகத்துக்கும் ஒதுக்கினோம். கருமணலுக்குப் பின்னால் மூன்று துகள்கள் நின்றன. ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், பைரைட் பொடியும், மைக்கா தாளாக உரியும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசினால் தங்கக் கோடு மஞ்சள், பைரைட் கோடு பசுங்கருப்பு. துகள் வெளிறிய மஞ்சளாக இருந்தால் உள்ளே வெள்ளி கலந்திருக்கிறது.

மூன்றில் பெரியது சுமார் 0.5 மி.மீ. அதைக் கனசதுரம் என்று வைத்தால் எடை 2.4 மி.கி. அதாவது அந்த ஒரு துகளே 1 கிலோ மாதிரிக்கு டன்னுக்கு 2.4 கிராம் என்ற கணக்கைத் தந்துவிடும். பக்கத்து வாய்க்காலில் அது விழாமல் போனால் கணக்கு படுத்துவிடும். ஒரே நாளத்தில் இரண்டு மாதிரிகள் ஒத்துப்போகாததற்கு ஆய்வகத்தைக் குறைசொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கல்லை நீரில் நிறுத்து அடர்த்தி கண்டு தங்கத்தைக் கணக்கிடும் வழி ஒன்று உண்டு. இப்படிப் பைரைட்டும் கலந்த கல்லுக்கு அது உதவாது என்பதே எங்கள் முடிவு. கல் 215 கிராம், கொள்ளளவு 80 கன செ.மீ. என்றால் வெறும் குவார்ட்ஸ் 212 கிராம்தான் இருக்க வேண்டும். மிகையான 3 கிராமுக்குத் தங்கமே காரணம் என்று கொண்டால், அது இடம்பிடித்த குவார்ட்ஸின் எடையையும் சேர்த்து 3.5 கிராம் தங்கம். பைரைட் என்று கொண்டால் 6.4 கிராம் பைரைட். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெள்ளிக்கு வருவோம். அகாந்தைட் போன்ற வெள்ளிக் கனிமங்கள் கறுப்பாக, மென்மையாக இருக்கும். இடித்தால் சேறாகித் தட்டிலிருந்து வழிந்தோடும். எனவே அரித்த தூளில் அல்ல, அரிக்காத தூளில் சோதிக்க வேண்டும். 2 கிராம் எடுத்து, பாதிக்குப் பாதி நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் திறந்தவெளியில் மெல்லச் சூடாக்கி வடிகட்டி, உப்புக் கரைசல் சில சொட்டு விட்டால், வெள்ளி இருக்கும்பட்சத்தில் தயிர்போல வெண்மை திரளும். அமிலத்தைக் குழாய்த் தண்ணீரால் நீர்க்கக் கூடாது: அதில் இருக்கும் குளோரைடு வெள்ளியை வடிகட்டும் முன்பே திரளவைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். ஈயமும் வெண்மையாகத் திரளும், ஆனால் கொதிநீரில் கரைந்துவிடும். வெள்ளி கரையாது, வெயிலில் ஊதாச் சாம்பலாக மாறும். அம்மோனியா விட்டுக் கரைத்துப் பார்த்தால், உடனே அமிலம் சேர்த்து முறித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடிக்கும் பொருளாக மாறக்கூடும்.

இந்த நாளத்தில் எதுவும் திரளவில்லை. வெள்ளி இல்லை என்று அதற்குள் எழுதிவிட முடியாது. துருப்பகுதியில் வெள்ளி குளோரைடாக மாறியிருந்தால் நைட்ரிக் அமிலம் அதைக் கரைக்காது. தங்கத்தோடு கலந்த வெள்ளியும், தங்கத்தைப்போல மூன்று மடங்காவது இல்லாவிட்டால் முழுதாக வெளிவராது. தட்டில் நின்ற துகள்கள் வெளிறியிருந்தது இந்த இரண்டாவது சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது.

மீதித் தூள் நெருப்பு ஆய்வுக்குப் போகிறது. தூளை ஈயச் சேர்மத்தோடு உலையில் உருக்கினால், ஈயம் தங்கம், வெள்ளி இரண்டையும் வாரிக்கொள்ளும். வெள்ளியையும் அளக்க வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கம் மட்டும் கேட்டால், பிரிப்பதற்காக அவர்களே வெளியிலிருந்து வெள்ளி சேர்ப்பதுண்டு, கல்லின் வெள்ளி அதோடு கலந்துவிடும். கூடவே, பொந்து இல்லாமல் பைரைட் அப்படியே மின்னும் ஆழத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டி, அந்த 2 கிலோவையும் சேர்த்தே அனுப்புகிறோம்.