பானையும் குயவனும் ராமானுஜரும்

"சாமி விஷயத்துல ரொம்ப ஆராயக்கூடாது, நம்பணும் அவ்ளோதான்"னு சிலர் சொல்றாங்க, "யோசிக்க ஆரம்பிச்சா நம்பிக்கை தானா போயிடும்"னு இன்னும் சிலர் சொல்றாங்க. பார்க்க எதிரெதிர் கட்சி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு பேர் மனசுலயும் அடியில ஓடுறது ஒரே எண்ணம்தான், யோசனையும் பக்தியும் ஒரே வீட்டுல குடியிருக்க முடியாதுங்கறது. எனக்கும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, அதை மாத்தினது ராமானுஜர்.

விஷயம் இதுதான். நியாய தரிசனம்னு தர்க்கத்தை முக்கியமா வச்ச ஒரு பழைய இந்திய தத்துவப் பள்ளி, அவங்ககிட்ட கடவுள் இருக்கார்னு காட்ட ஒரு அனுமானம், அதாவது தெரியறதை வச்சு தெரியாததை ஊகிக்கற வாதம், இருந்துச்சு. மலையில புகை தெரியுது, அதனால அங்க நெருப்பு இருக்குன்னு சொல்றோம்ல, அதே பாதைதான். பானைன்னு ஒண்ணு இருந்தா அதை வனைஞ்ச குயவன்னு ஒருத்தன் இருந்தே ஆகணும், உலகமும் பானை மாதிரி உண்டான பொருள்தான், அதனால அதுக்கும் ஒரு கர்த்தா இருக்கணும். உதயணர் நியாய குசுமாஞ்சலின்னு ஒரு முழு நூலையே இந்த மாதிரி வாதங்களுக்காக எழுதியிருக்கார். கடவுள் மேல உயிரையே வச்சிருக்கிற ஒருத்தர் கையில இப்படி ஒரு வாதம் கிடைச்சா இறுக்கிப் பிடிச்சுக்கத்தானே தோணும்?

ராமானுஜர் பிடிச்சுக்கல. வேதாந்தத்தோட மூல நூலான பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதின உரை ஸ்ரீபாஷ்யம், அதுல மூணாவது சூத்திரத்துக்கு உரை சொல்ற இடத்துல இந்த வாதத்தை அக்கக்கா கழட்டி வைக்கிறார். சரி, பூமி கடல் எல்லாம் உண்டானதுதான்னே வச்சுக்குவோம், ஆனா எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒருத்தரே உண்டாக்கினார்னு எதை வச்சு சொல்ற? அப்புறம் நாம கண்ணால பார்த்த வேலைக்காரங்க எல்லாருக்கும் உடம்பு இருக்கு, பானையை வச்சு குயவனுக்குப் போற மாதிரி உலகத்தை வச்சு கர்த்தாவுக்குப் போனா அவருக்கும் உடம்பு இருக்குன்னுதானே முடிவு வரும்? ஆக இந்த வழியில கிடைக்கிறது நாம கும்பிடற ஈஸ்வரன் கிடையாது, அவரைத் தெரிஞ்சுக்க சாஸ்திரம் ஒண்ணுதான் வழி, அப்படின்னு முடிக்கிறார்.

இதை முதல் தடவை படிச்சப்ப புத்தகத்தை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன்னா கிட்டத்தட்ட இதே கேள்விகளை நான் ஏற்கனவே 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம்கிட்ட படிச்சிருந்தேன். ஒரு கப்பலைக் கட்ட எத்தனையோ பேர் சேர்றாங்களே, உலகத்தைக் கட்டினது மட்டும் ஒருத்தர்தான்னு எப்படி முடிவு பண்றீங்கன்னு அவர் எழுதின உரையாடல்ல வரும், அவர் இறந்ததுக்கு அப்புறம் 1779ல வெளியான நூல் அது. ஒருத்தர் சந்தேகத்துக்குப் பேர் போனவர், இன்னொருத்தர் வாழ்நாள் முழுக்க பெருமாளுக்கே வேலை செஞ்சவர், ரெண்டு பேரும் ஒரே ஓட்டையில விரல் வைக்கிறாங்க. அப்படின்னா தர்க்கம்ங்கறது நாத்திகன் சொத்தும் இல்ல ஆத்திகன் சொத்தும் இல்ல. ஒரு வாதம் தன் பக்கத்துக்கு சாதகமா இருக்கேன்னு அதோட ஓட்டையை மறைக்காம இருந்தாரே, அந்த நேர்மையையே நான் பக்தியோட ஒரு அங்கமா பார்க்கிறேன். பொய்யான முட்டு கொடுத்து நிறுத்தி வைக்கற அளவுக்கு கடவுள் ஒண்ணும் சாயற சுவர் இல்லைன்னு அவர் நினைச்சிருக்கணும்.

சைவத்துப் பக்கம் போனா கதை வேற. மெய்கண்டார் சிவஞான போதத்துல முதல் சூத்திரமே கிட்டத்தட்ட அந்த குயவன் வாதம்தான், அவன் அவள் அதுன்னு சுட்டிச் சொல்ற இந்த உலகம் தோன்றி நின்னு ஒடுங்குது, அதனால இதை நடத்தற ஒருத்தன் இருக்கான்னு. மொத்தம் 12 சூத்திரம், ஆனா அமைப்பைப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டுன்னு வருது, அதாவது இன்னது சொல்றேன், இதுக்கு காரணம் இது, உதாரணம் இதுன்னு. இது 13ஆம் நூற்றாண்டு சமய நூல். சும்மா நம்புன்னு எங்கயுமே சொல்லல! அவரோட மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதி வச்சு கண்ணுக்குத் தெரியற உலகம் மட்டும்தான் நிஜம்ங்கற உலகாயதத்துல ஆரம்பிச்சு 14 மதங்களை எடுத்து, அவங்க என்ன சொல்றாங்கன்னு முதல்ல எழுதிட்டு அப்புறம்தான் மறுக்கிறார். மறுப்பு எல்லாம் சரியாங்கறது தனி விஷயம், எனக்கு சில இடத்துல ஒப்புதல் இல்ல. ஆனா எதிராளி பேச்சை அவன் வாயில இருந்தே கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும்ங்கற அந்த ஒழுக்கம் இன்னைக்கு சமயம் பேசற எத்தனை பேர்கிட்ட இருக்கு?

வேதச் சடங்குகளை ஆராயற மீமாம்சை தத்துவத்துல பெரிய ஆளான குமாரில பட்டரையும் சொல்லியே ஆகணும். வேதத்தை அவர் மாதிரி தாங்கிப் பிடிச்சவங்க குறைவு, ஆனா படைப்புக் கடவுளை அவர் ஏத்துக்கல. அவர் கேக்கறது இதுதான்: கருணையால படைச்சாருன்னு சொல்றீங்களே, படைக்கறதுக்கு முன்னாடி கருணை காட்ட யார் இருந்தா? கருணைதான் காரணம்னா சந்தோஷமான உலகத்தை மட்டும்தானே படைச்சிருக்கணும்?

இந்த கடைசி கேள்விதான் எனக்கு வீட்டுக்குள்ள வந்துச்சு.

அப்பா ஐசியூல இருந்த பதினோராவது நாள், வெளிய வராண்டால அம்மா உட்கார்ந்திருக்காங்க, கையில அப்பாவோட கண்ணாடி, அதைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க, எத்தனாவது தடவைன்னு தெரியாது. பெரியம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து, ஆறுதலாத்தான் சொல்றாங்க, "எல்லாம் போன ஜென்மத்து பாவம்டி, அனுபவிச்சுத்தான் தீர்க்கணும்"னு. அம்மா துடைக்கறதை நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அப்பா போயிட்டார். அதுக்கப்புறம் மாசக்கணக்கா அம்மா ஒரே கேள்விதான், "நான் என்னடா தப்பு பண்ணேன்?" சாமி முன்னாடி நிக்கறதையே விட்டுட்டாங்க. கோவத்துல இல்ல, பயத்துல. தண்டிக்கிறவர் முன்னாடி போய் எப்படி நிக்கறதுன்னு.

அப்ப என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. சாவு வீட்டுல எந்த வாதமும் உதவாது, அந்த நேரத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கறது ஒண்ணுதான் முடியும். ஆனா அந்த பயத்தை அப்படியே விட மனசு வரல, அதனால படிச்சேன், கையில கிடைச்சதை எல்லாம். 1955ல ஜே. எல். மேக்கின்னு ஒரு நாத்திக தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதினார், எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் இருக்கார், தீமையும் இருக்குன்னு சேர்த்து சொல்றதே முரண்பாடுன்னு. 1974ல ஆல்வின் பிளான்டிங்கான்னு ஒரு கிறிஸ்தவ தத்துவவாதி அதுக்கு பதில் எழுதினார். அந்த பதில்ல எனக்கு உதவினது அவரோட முடிவு கூட இல்ல, அவர் கவனமா போட்ட ஒரு கோடு. கடவுள் தீமையை விட்டு வைக்க ஒரு காரணம் இருக்க முடியும்னு காட்டறது ஒரு வேலை, அந்த காரணம் இன்னதுதான்னு சொல்றது முழுக்க வேற வேலை. முதல் வேலையை மட்டும்தான் அவர் எடுத்துக்கிட்டார். முரண்பாடு இல்லைன்னு காட்ட அது போதும்.

இந்த கோட்டைப் பார்த்ததும்தான் பெரியம்மா பேச்சுல எது தப்புன்னு பிடிபட்டுச்சு. கர்மான்னு ஒண்ணு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனா இந்த வலிக்கு இதுதான் கணக்குன்னு சொல்ற அறிவு அவங்களுக்கு எங்க இருந்து வந்துச்சு? எந்த பிரமாணம், அதாவது அது தெரியவந்த வழி என்ன? கண்ணால பார்த்தாங்களா, அனுமானமா, இல்ல சாஸ்திரம் அம்மா பேரைப் போட்டு சொல்லுச்சா? பிரமாணம் என்னன்னு கேக்கறது ஏதோ காலேஜ் வகுப்பு விஷயம்னு நினைச்சிருந்தேன், அந்த வராண்டால அதைக் கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா அம்மாவுக்கு அந்த மாசங்கள் மிச்சமாகியிருக்கும். தத்துவம் நம்பிக்கையை உண்டாக்குமான்னு கேட்டா எனக்கு அவ்வளவு உறுதி இல்ல, ஆனா கடவுள் பேருல நாம ஏத்தி வச்ச குப்பையை அள்ள அதை விட நல்ல துடைப்பம் நான் பார்த்ததில்ல.

அதுக்காக எல்லாமே தர்க்கம்தான்னு நான் சொல்ல வரல. தாமஸ் அக்வினாஸ்னு ஒரு கிறிஸ்தவ இறையியலாளர், அவ்வளவு எழுதிக் குவிச்சவர், 1273 டிசம்பர்ல ஒரு நாள் வழிபாட்டுல ஏதோ நடந்து, அதுக்கப்புறம் பேனாவைத் தொடல, எழுதினது எல்லாம் வைக்கோலாத் தெரியுதுன்னு சொன்னதா பதிவு இருக்கு. தர்க்கம் வீண்ங்கறதுக்கு இதை ஆதாரமா நிறைய பேர் காட்டறாங்க, எனக்கு அப்படித் தோணல. வைக்கோல்தான்னு சொல்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததே அத்தனை பக்கத்தையும் எழுதி முடிச்ச பிறகுதானே.

அம்மாகிட்ட நான் பிளான்டிங்காவை எல்லாம் சொல்லல. யோபுவோட கதையைத்தான் சொன்னேன், பைபிள்ல வர்றது. பிள்ளைங்க செத்து, சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணா உட்கார்ந்திருக்கிற மனுஷன்கிட்ட நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கே, இல்லாட்டி இப்படி நடக்காதுன்னு பக்கம் பக்கமா வாதம் பண்றாங்க, கடவுளுக்கு வக்கீல் மாதிரி. அவர் ஒத்துக்கல, கடவுள்கிட்டயே கேள்வி கேக்கறார், சண்டை போடறார். கடைசியில கடவுள் அந்த நண்பர்கள் மேலதான் கோவப்படறார், யோபு பேசின மாதிரி நீங்க என்னைப் பத்தி சரியா பேசலைன்னு.

அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அந்த சிநேகிதக்காரங்களை என்ன பண்ணாரு?"ன்னு கேட்டாங்க.

யோபுவையே அவங்களுக்காக வேண்டிக்கச் சொன்னாரும்மா, அவர் வேண்டிக்கிட்டதை ஏத்துக்கிட்டு விட்டுட்டாருன்னு சொன்னேன்.

அன்னைக்கு சாயந்திரம் அம்மா சாமி முன்னாடி போய் நின்னாங்க, எட்டு மாசத்துக்கு அப்புறம். என்ன வேண்டிக்கிட்டாங்கன்னு நான் கேக்கல, ஆனா பெரியம்மா பேர் மட்டும் காதுல விழுந்துச்சு.