உருவம் மட்டும் மிஞ்சிய குழாய்

கொக்குவிலில் நாங்கள் இருக்கும் வீட்டை அப்பப்பா 1938ஆம் ஆண்டு கட்டினார். மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர், அங்கே பழகிய வசதிகளில் ஒன்றையாவது இங்கே கொண்டுவர விரும்பி, மேல்மாடியில் ஒரு மலசலகூடத்தைக் கட்டுவித்தார். வளவின் கோடியில், பனைகளுக்கு அப்பால் இருக்க வேண்டிய ஒன்றைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாரே என்று அயலவர்கள் முகம் சுளித்ததாக அப்பாச்சி சொல்வார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் சுமந்து ஊற்றிய அந்த மலசலகூடத்திலிருந்து ஒரு நான்கு அங்குல வார்ப்பிரும்புக் குழாய் பின்சுவரோடு ஒட்டி இறங்கி, நிலத்துக்குள் திரும்பி, மலக்குழி வரை ஓடியது.

1995 ஒக்ரோபர் இறுதியில், எங்கள் ஊர் அடங்கிய வலிகாமமே போரினால் இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, ஓடுகளில் பாதி இல்லை. குழாய் மட்டும் போட்டது போட்டபடி சுவரில் நின்றது. "இரும்பெண்டால் அந்தக் காலத்து இரும்பு" என்று அப்பா அதைத் தட்டிக் காட்டிப் பெருமைப்படுவார். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கறுப்பு வர்ணம் பூசுவதைத் தவிர வேறு எந்தக் கவனிப்பையும் நாங்கள் அதற்குக் கொடுத்ததில்லை.

சென்ற மாரியில் மழை விட்டு இரண்டு கிழமையாகியும் பின்சுவரின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம் காயாமல் இருந்தது. எங்கள் செம்பாட்டு மண் நீரைத் தேக்கி வைக்கும் மண் அல்ல; ஆகவே அந்த ஈரத்தைக் கண்டதுமே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாலை வேளைகளில் எழுந்த நாற்றத்தை மலக்குழி நிறைந்ததன் அறிகுறி என்று முடிவுசெய்து, பவுசரை வரவழைத்துக் குழியை வெறுமையாக்கினேன். காசு போனது, நாற்றம் போகவில்லை. அதன் பிறகுதான் குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைத்தேன்.

அவர் வந்ததும் மண்ணைத் தோண்டவில்லை. சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்து, குழாயை மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே கோயில் மணியின் விளிம்பைத் தொட்டாற்போல் ஒலித்த இரும்பு, இடுப்பளவு உயரத்துக்குக் கீழே வந்ததும் மண்பானையைத் தட்டியதுபோல் ஒலி மங்கியது. அந்த இடத்தில் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, பேனாக்கத்தியின் நுனியை வைத்து அழுத்தினார். கத்தி உள்ளே இறங்கியது. பனங்கட்டியை வெட்டுவதுபோல் ஒரு சிறு துண்டைச் செதுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "ஐயா, இதால நீங்கள் எழுதலாம், பாருங்கோ" என்றார். சீமெந்துத் தரையில் இழுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு போலவே கறுப்பாக, வழவழப்பாக ஒரு கோடு விழுந்தது.

அது பென்சிலுக்குள் இருக்கும் காரீயமேதான், ஆங்கிலத்தில் கிராபைட். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு காபன் இருக்கும். சாதாரண சாம்பல்நிற வார்ப்பிரும்பில் அதன் பெரும்பகுதி மெல்லிய காரீயச் செதில்களாக இரும்புக்குள் பின்னிக் கிடக்கும். ஈரமும் உப்பும் சேரும்போது இந்தச் செதில்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த இரும்புக்கும் இடையில் ஒரு மின்கலம் உருவாகிறது. காரீயம் அசையாமல் இருக்க, இரும்பு கரைந்து வெளியேறுகிறது. பொகலவிலும் கஹட்டகஹவிலும் சுரங்கம் வெட்டித் தோண்டியெடுக்கும் அதே பொருள், எங்கள் பின்சுவரில் இரும்பு போன பின் சல்லடைபோல மிஞ்சி, துருவோடு சேர்ந்து குழாயின் வடிவத்தைக் காத்து நின்றிருக்கிறது. தடிப்பு குறைவதில்லை, வளைவு மாறுவதில்லை, ஏன், வார்ப்பில் பதித்த எழுத்துக்கள்கூட அழிவதில்லை. வலிமை மட்டும் போய்விடுகிறது. மென்னுருக்கு துருப்பிடித்தால் செதில் செதிலாக உதிர்ந்து ஊரைக் கூட்டும். வார்ப்பிரும்பு இப்படிச் சத்தமில்லாமல் போய்விடும் என்பதை நான் அறுபது வயதுக்குப் பிறகு அறிந்தேன்.

குழாயின் உட்புறத்துக் கதை வேறு. கிடையாக ஓடும் பகுதியில் அடித்தளம் எப்போதும் நனைந்திருப்பதால் அங்கே ஒரு வாய்க்கால் போல இரும்பு அரிக்கப்படுகிறது. கூரைப்பக்கமோ நீரே படாமல் கெடுகிறது. கழிவின் வழுவழுப்புப் படலத்தில் ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை வெளியிடுகின்றன. கூழ்முட்டை நாற்றம் என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது அந்த வாயுவைத்தான். அது மேலெழுந்து ஈரமான கூரையில் ஒட்ட, அங்கே வாழும் வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக மாற்றுகின்றன. குழாயின் மேல்முனையில் வாயு வெளியேற நிற்கும் காற்றுப்போக்கி திறந்திருந்தால் வாயுவின் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும். எங்கள் காற்றுப்போக்கியின் வாயில் ஏதோ ஒரு பறவை எத்தனை ஆண்டுகளுக்கு முன் கூடு கட்டியதோ தெரியாது; சுள்ளியும் தும்பும் இறுகி, பனங்கொட்டை அளவு துவாரம்தான் மிஞ்சியிருந்தது.

இவையெல்லாம் இயற்கையின் வேலை. எங்கள் வேலையும் ஒன்று உண்டு, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் தங்கியிருப்பதால் வன்மை மிக்கது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் கிடையாது. அதே வெள்ளைப் படிவு மலசலகூடக் கோப்பையிலும் பிடிக்கும். அதைப் போக்குவதற்காக மாதம் ஒரு முறையேனும் போத்தல் அசிட்டை ஊற்றித் தேய்த்துக் கழுவுவதை எங்கள் வீட்டில் துப்புரவின் இலக்கணமாகவே கருதினோம். சுண்ணப் படிவு, பிடித்த இடத்தில் இரும்புக்கு ஓரளவு கவசமாகவும் இருக்கக்கூடியது. ஊற்றிய ஐதரோகுளோரிக் அமிலம் அந்தக் கவசத்தைக் கரைத்துவிட்டு, அடுத்ததாக இரும்பைத் தொட்டிருக்கிறது. அது விட்டுச்செல்லும் குளோரைட்டும் அரிப்புக்குத் துணைபோவது. கோப்பை பளபளத்தது. இப்போது தூரிகையும் பழைய புளியும்தான். அம்மாவுக்கு அதில் திருப்தியில்லை.

தோண்டியபோது, நிலத்துக்குள் குழாய் திரும்பும் முழங்கையில் மூன்று விரல் நுழையக்கூடிய ஓட்டை இருந்தது. அதைக் கண்ட பின் நான் முதலில் செய்த காரியம் கிணறு வரை அடி வைத்து அளந்ததுதான். பதினெட்டு அடி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள், அப்பப்பாவும் அறுபது அடி விட்டே குழியை வெட்டியிருந்தார். ஆனால் குழிக்குப் போகும் குழாய் கிணற்றுக்கு அருகால் போகிறது என்பதையும், அது வழியில் ஒழுகினால் அந்த அறுபது அடிக்குப் பொருளில்லை என்பதையும் இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தக் குடாநாட்டில் மழை மண்ணில் இறங்கித் தங்குவதே நமக்கு நீர். வெடிப்பும் துவாரமுமாக இருக்கும் சுண்ணக்கல் அதை வடிகட்டித் தருவதைவிட விரைவாகக் கடத்திவிடுவதே அதிகம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்தபோது வாளியை முகர்ந்து முகர்ந்து பார்த்தவர்கள் நாங்கள். மலக்கழிவிலிருந்து கிணற்றுக்குள் வரக்கூடிய நைத்திரேற்றுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை; குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடுவதனால்தான். நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை குடிப்பதற்குப் போத்தல் நீர்தான். கொதிக்க வைப்பதால் கிருமி சாகுமே ஒழிய நைத்திரேற்று குறையாது.

பழைய குழாயைக் கழற்றுவது மூன்று நாள் வேலையாயிற்று. ஒவ்வொரு மூட்டிலும் சணலைத் திணித்து, அதன் மேல் ஈயத்தை உருக்கி வார்த்து அடைத்திருந்தார்கள். அந்த ஈயம் நேற்று வார்த்ததுபோல் இருந்தது. புதிதாகப் போட்டது 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய். வெயிலில் நொறுங்கும் தன்மை அதற்கு உண்டென்பதால் சுவரில் நிற்கும் பகுதிக்கு வெள்ளை வர்ணம் பூசுவித்தேன். நிலத்துக்குள் போகும் பகுதியைக் கிணற்றிலிருந்து விலக்கி, மாமரத்தைச் சுற்றிக் கொண்டுபோனோம். மேலே நீர் ஊற்றினால் கீழே குசினியில் இருப்பவருக்கு இப்போது கேட்கிறது. வார்ப்பிரும்பு அந்த ஓசையை வெளியே விட்டதில்லை; அந்த ஒரு குணத்துக்காக அதை நினைத்துக்கொள்கிறேன்.

கழற்றிய துண்டுகளைப் பழைய இரும்பு எடுப்பவர் தராசுடன் வந்து பார்த்தார். காற்றுப்போக்கியாக நின்ற ஆறடித் துண்டு 23 கிலோ இருந்தது. நிலத்துக்குள் கிடந்த, அதே நீளமும் அதே பருமனும் உள்ள துண்டு 13 கிலோ. தராசில் பிழையோ என்று அவர் படிக்கற்களை மாற்றி இன்னொரு முறை நிறுத்தார். பிறகு அதன் விளிம்பை விரலால் நுள்ளி, உதிர்ந்த கறுப்புத் தூளைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "இதுக்கு இரும்பு விலை தரேலாது ஐயா" என்று சொல்லி, 23 கிலோத் துண்டை மட்டும் லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.