இலைவாய் மூடுறதும் நான் விட்ட ஒரு சொல்லும்

பரீட்சைப் பெறுபேறு வந்து மூன்று நாள். போன தடவை உயிரியலில சி, இந்தமுறை ஏ. நேற்று அம்மா நல்லூருக்குப் போய் அருச்சனை செய்துபோட்டு வந்தா. எனக்கு நெஞ்சு இப்பதான் ஆறுது. திரும்ப எழுதப்போற தம்பி தங்கச்சிமார், இலையின்ர நுண்துளைகளான இலைவாய்கள் பற்றின பகுதியைப் பாடமாக்காதேங்கோ. கீறுங்கோ.

போன தடவை, மண் காயேக்க இலைவாயை மூடவைக்கிற தாவர ஓமோனான அப்சிசிக் அமிலம் பற்றி இரண்டு பக்கம் எழுதினன். “பொற்றாசியம் அயன் காவற்கலத்தை விட்டு வெளியேற நீரழுத்தம் குறையும்” எண்டு எழுதிப்போட்டன். (காவற்கலம் எண்டால் இலைவாயின்ர இரண்டு பக்கமும் இருக்கிற கலம். நீரழுத்தம் எண்டால் நீர் ஓரிடத்தை விட்டு வெளியேற முனையிற அளவு; கூடின இடத்திலயிருந்து குறைஞ்ச இடத்துக்கு நீர் போகும்.) அதுக்குக் கீழ எல்லாம் பிழைச்சுப் போச்சு. மண்டபத்தால வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கேக்கதான் பொறி தட்டினது. அயன் போனால் உள்ளுக்கு நீரழுத்தம் கூடும். கூடினபடியால்தான் நீர் பிரசாரணத்தால, அதாவது மென்சவ்வைக் கடந்து, வெளியில போகும்.

தமிழில படிக்கிற எங்களை ‘அழுத்தம்’ எண்ட சொல்லே மாட்டிவிடும். கலம் தளருது, அப்ப அழுத்தம் குறையுது எண்டு மனம் ஓடும். தளரேக்க குறையிறது அமுக்க அழுத்தம், அதாவது உள்ளிருக்கிற நீர் கலச்சுவரைத் தள்ளுற அழுத்தம். இரண்டையும் பிரிச்சு வையுங்கோ.

றோயோ எண்ட அலங்காரச் செடியின்ர இலையில ஊதாப் பக்கத்தை உரிச்சு நுணுக்குக்காட்டியில வைச்சுப் பாருங்கோ. ஊதாக் கலங்களுக்கு நடுவில சோடி சோடியாய்ப் பச்சைக் காவற்கலம். ஒரு ஓரத்தில உப்புக் கரைசல் விட்டு, மற்ற ஓரத்தில வடிதாளால இழுக்க, வாய் மெல்ல ஒடுங்கும். அங்க உப்பு வெளிப்பக்க நீரழுத்தத்தைக் குறைக்குது. அப்சிசிக் அமிலம் உள்பக்கத்தைக் கூட்டுது. நீர் போற திசை ஒன்றுதான். இதைக் கண்ட பிறகு நான் திசை மாறினதே இல்லை.

எழுத வேண்டிய ஒழுங்கு:
- மண் காய, வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் கூடும்
- காவற்கலத்து வாங்கியில் (ஓமோனைப் பிடிக்கிற புரதத்தில்) சேரும், கல்சியம் அயன் உள்ளுக்குக் கூடும்
- குளோரைட்டு அயனும் மலேற்று அயனும் வெளியேறும், மென்சவ்வின் மின்னழுத்தம் மாறும், பொற்றாசியமும் வெளியேறும்
- நீரழுத்தம் கூடும், நீர் வெளியேறும், வாய் மூடும்

கூட்டாய்ப் படிக்கிறது எனக்குச் சரிவரேல்லை. விடிய நாலு மணிக்குத் தனிய இருந்து, ஒரே படத்தை ஒரு மாதம் கீறினன்.

வாய் திறக்கிறதுக்கு நீல ஒளி, புரோத்தன் பம்பி (ஐதரசன் அயனான புரோத்தனை வெளியில தள்ளுற புரதம்), பொற்றாசியம் உள்ள. அம்புக்குறியைத் திருப்பினால் பெரும்பாலும் வந்திடும். புரோத்தனை வெளியில தள்ள ஏடிபி (கலத்துக்குச் சக்தி குடுக்கிற மூலக்கூறு) செலவாகும் எண்ட வரியை மட்டும் விட்டிடாதேங்கோ.