எம்.எல்.ஐ.எஸ். சேர்ந்த கதை: ஒரு இனிஷியலும் இரண்டு மைக்ரேஷனும்

நேற்று சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது. என்ரோல்மென்ட் நம்பர். மூன்று தடவை வாசித்த பிறகுதான் நம்பினேன். தொலைதூரக் கல்வியில் ஒரு எம்.எல்.ஐ.எஸ்., அதாவது நூலக அறிவியல் முதுநிலைப் படிப்பு, சேர்வதற்கு இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் எடுத்த பெண்ணாக இருக்க முடியாது.

என் நிலவரம் இதுதான். பி.எஸ்ஸி. கணிதம், 2010. வீட்டில் இருந்தபடியே பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் இளநிலைப் பட்டம்), 2017. ஒரு தனியார் கலைக் கல்லூரியில் ஏழு வருஷமாக நூலக உதவியாளர். எங்கள் நூலகர் சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு யு.ஜி.சி. விதிப்படி எம்.எல்.ஐ.எஸ்.ஸில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். "அதுக்குள்ள முடிச்சிடும்மா, நான் நிர்வாகத்துக்கிட்ட சொல்றேன்" என்றார். சொன்னது 2023 ஏப்ரலில். சேர்ந்திருப்பது இப்போது.

முதல் வருஷம் வீணானது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எம்.எல்.ஐ.எஸ். என்றால் எல்லா இடத்திலும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். அது இரண்டு ஜாதி. ஒன்று, ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும், இரண்டு வருஷம் படிக்க வேண்டியது. இன்னொன்று, பி.எல்.ஐ.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும், ஒரே வருஷம். நான் முதல் ஜாதிக்கு லீவு போட்டுக்கொண்டு போய், பி.எல்.ஐ.எஸ். சான்றிதழைப் பெருமையாக நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது எங்களுக்குக் கணக்குல வராதும்மா. இருந்தாலும் ரெண்டு வருஷம், இல்லாட்டியும் ரெண்டு வருஷம்." நேராக இரண்டாம் வருஷத்தில் சேர முடியாதா என்று கேட்டதற்கு, அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் போகவர பஸ் செலவு 410 ரூபாய். பிராஸ்பெக்டஸில் எலிஜிபிலிட்டி என்ற பத்தியை முதலில் படியுங்கள். கோர்ஸ் பெயரைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டு வருஷம் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. எனவே ஒரு வருஷ கோர்ஸ், தொலைதூரம், வேறொரு பல்கலைக்கழகம். 2024 ஆகஸ்டில் அப்ளிகேஷன் போட உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்று. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது போதாது. தொலைதூரக் கல்விக்கு யு.ஜி.சி. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத்தான் அனுமதி கொடுக்கிறது. அதனால் நீங்கள் சேரும் வருஷத்துப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே நூலக அறிவியல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் தடவையே சரியாக நடந்துகொண்டேன்.

ஆன்லைன் ஃபாரத்தில் முதல் முட்டுக்கட்டை, பி.எல்.ஐ.எஸ். என்பது என்ன என்பதே. பெயரில் பேச்சிலர் இருக்கிறது, ஆனால் டிகிரிக்கு மேல் படிப்பது, ஒரே வருஷம். யு.ஜி. என்ற கட்டத்தில் 2016 முதல் 2017 என்று போட்டால் சிவப்பு எழுத்தில் 'கால அளவு தவறு' என்கிறது. அதற்கு மூன்று வருஷம் வேண்டும். சரியென்று யு.ஜி.யில் பி.எஸ்ஸி.யைப் போட்டுவிட்டு, பி.எல்.ஐ.எஸ்.ஸை 'பிற தகுதிகள்' என்ற கட்டத்தில் போட்டேன். பணம் கட்டியாயிற்று, சப்மிட் ஆயிற்று. ஒன்பதாம் நாள் மெயில்: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம், பி.எல்.ஐ.எஸ். இல்லை.

நூலக அறிவியல் படிப்புக்கு விண்ணப்பம் வாங்குகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஹெல்ப்லைன் எண்ணை எடுக்க ஆளில்லை. மெயிலுக்குத் தானியங்கிப் பதில். கடைசியில் பிராஸ்பெக்டஸின் பின்னட்டையில் சின்ன எழுத்தில் இருந்த லேண்ட்லைனைப் பத்தரைக்கு மேல், டீ நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டதில் ஒரு அம்மா எடுத்தார். "ரிஜெக்டான ஃபாரத்தைத் திறந்து விடறேன். அந்தப் பி.எல்.ஐ.எஸ். மார்க் ஷீட்டை டிகிரி சர்டிஃபிகேட் அப்லோட் பண்ற இடத்துல சேர்த்து ஒரே பி.டி.எஃப்.பா போடுங்க, முதல் பக்கமா." அவ்வளவுதான். எங்கேயும் எழுதி வைக்காத விதி. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர்.

என் மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றிலும் அப்பா இனிஷியல் முன்னால், என் பெயர் பின்னால். பள்ளியில் எல்லாருக்கும் எழுதுவது போலத்தான். ஆதார் எடுத்தது கல்யாணமான அடுத்த வருஷம், பஞ்சாயத்து ஆபீஸ் கேம்ப்பில். டைப் செய்த பையன் கணவர் பெயரை முழுசாக என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டான். கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, நான் திரையைப் பார்க்காமலே தலையாட்டினேன். பத்து வருஷம் அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

2024 சேர்க்கையிலிருந்து தொலைதூரக் கல்விக்கு டெப் ஐ.டி. (யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் எண்) கட்டாயம். அதற்கு ஏ.பி.சி. ஐ.டி. (மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரில் இருக்கும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். அப்ளிகேஷனில் பெயர்க் கட்டம் தானாக நிரம்பிவிட்டது, திருத்த முடியாது. பார்த்தால் கணவர் பெயரோடு நான். கீழே அப்லோட் செய்தவை எல்லாவற்றிலும் அப்பா இனிஷியலோடு நான்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு நேரில் போன அன்று பிரிவு எழுத்தர் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்டார்: "இதுல நீங்க யாரு?"

"ரெண்டும் நான்தான் சார்."

"அப்படி நீங்க சொன்னா ஆச்சா?"

நோட்டரியிடம் வாங்கிய அஃபிடவிட்டைக் காட்டினேன். இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் இருந்தது. ஓரமாகத் தள்ளிவிட்டு, கெஜட்டில் பெயர் மாற்றம் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நான் பெயரை மாற்றவே இல்லையே சார், எதை கெஜட்டில் போடுவது? அதற்குப் பதில் இல்லை. ஆதாரைத் திருத்தலாமே என்றார். திருத்தலாம். ஆனால் பி.எஃப்., வங்கி, பான், எல்லாவற்றிலும் ஆதார் பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றை உருவினால் மற்றதெல்லாம் சரியும். போதாததற்கு ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்ற முடியும். ஒரு எம்.எல்.ஐ.எஸ்.ஸுக்காக அதில் ஒன்றைச் செலவழிக்க மனசு வரவில்லை.

அன்று அந்த வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் படம், ஆகஸ்ட் 12 பிறந்த நாளுக்குப் போட்ட மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளையும் கீழே எழுதி மாட்டியிருந்தார்கள். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்தக் கிண்டலை எனக்கு முன்னால் அந்த பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரும் செய்திருப்பார்கள், விட்டுவிடுகிறேன். நான் யோசித்தது வேறு. 1924-ல் அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். நூலகப் படிப்பெல்லாம் வேலை கிடைத்த பிறகு லண்டனுக்குப் போய்ப் படித்ததுதான். இன்றைய விதிப்படி அந்த மனிதர் இந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தால் தகுதியில்லை என்று மெயில் வந்திருக்கும். அதுவும் போகட்டும், அவருடைய எஸ். என்பது சீர்காழி, அந்தக் கால ஆங்கில எழுத்தில் ஷியாலி. ஆர். என்பது அப்பா ராமாமிர்தம். ஊரும் அப்பாவும் முன்னால் நிற்க, ஆள் கடைசியில். ஆதாரில் அதை எப்படி அடித்திருப்பார்களோ.

அப்போதுதான் பொறி தட்டியது. பி.எல்.ஐ.எஸ்.ஸில் கேட்டலாகிங் (நூல் பட்டியல் தயாரிப்பு) பிராக்டிகல் என்ற பெயரில் வருஷம் முழுக்க நாங்கள் செய்தது இந்த வேலையைத்தான். ஒரே ஆசிரியர் நான்கு புத்தகத்தில் நான்கு விதமாகப் பெயர் போட்டிருப்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பாக வைத்து, மற்றவற்றிலிருந்து 'காண்க' என்று அதற்கு வழி காட்ட வேண்டும். அதற்கு அத்தாரிட்டி ஃபைல் என்று பெயரே இருக்கிறது. இன்னும் கேட்டால், 1978-ல் வந்த ஏ.ஏ.சி.ஆர்.2 (ஆங்கிலோ அமெரிக்கன் கேட்டலாகிங் ரூல்ஸ், இரண்டாம் பதிப்பு) விதித் தொகுப்பில் 22.25-ல் தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களுக்கென்றே ஒரு விதி உண்டு. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் இட்ட பெயரில் பதிவைத் தொடங்கு, ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் அதற்கு முன்னால் வருவது இவர்கள் வழக்கம் என்கிறது. ஆங்கிலோ அமெரிக்கன் என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்ட புத்தகத்துக்குத் தெரிந்தது, தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு நூலக அறிவியல் படிப்பின் சேர்க்கை ஜன்னலுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு கிராமப்புற நூலக அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கதை என் கதையைவிட மோசம். பள்ளியைப் பாதியில் விட்டு, ப்ளஸ் டூ இல்லாமல் திறந்தநிலை முறையில் பி.ஏ. முடித்தவர். பத்து, பன்னிரண்டு, மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசை இல்லாத டிகிரி அரசு வேலைக்குச் செல்லாது என்பது பி.எல்.ஐ.எஸ். சேரும்போதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை, பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அன்றுதான் அவருக்கே தெரிகிறது. நான் எழுந்து போய் அவருக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

இரண்டு மணிக்கு எழுத்தரிடம் மறுபடி மல்லுக்கட்டாமல் மாடிக்கு ஏறினேன். இதுதான் இந்தக் கதையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஜன்னலில் முடியாது என்றால் கோர்ஸ் ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். அவர் நூலக அறிவியல் ஆசிரியர், ஜன்னலில் இருப்பவர் இல்லை. அறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் அஃபிடவிட்டையும் வைத்துவிட்டு, "சார், இது அத்தாரிட்டி கன்ட்ரோல் பிராப்ளம்" என்றேன். வாய் தவறி வந்ததுதான். நிமிர்ந்து பார்த்தார், சிரித்துவிட்டார். "இருபத்திரண்டு பாயின்ட் இருபத்தஞ்சு" என்றார் அவராகவே. அஃபிடவிட்டின் ஓரத்தில் 'ஏற்றுக்கொள்ளலாம்' என்று பச்சை மையில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை. கீழே வந்து ஜன்னலில் நீட்டியபோது எழுத்தர் அந்தப் பச்சை மையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "டி.சி. எங்க?" என்றார்.

தொலைதூரத்தில் படித்தவர்களுக்கு டி.சி. கிடையாது, மைக்ரேஷன் (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான சான்றிதழ்)தான். அதை அவர் ஒத்துக்கொள்ளவே பத்து நிமிஷம் ஆயிற்று. ஜெயித்த தெம்பில் மைக்ரேஷனை எடுத்து வைத்தேன். அது பி.எஸ்ஸி. படித்த பல்கலைக்கழகத்தினுடையது. கேட்பது கடைசியாகப் படித்த இடத்தினுடையது, அதாவது பி.எல்.ஐ.எஸ். நான் அதை வாங்கவே இல்லை. இந்தத் தடவை எழுத்தர் பக்கம் நியாயம், என்ன சொல்ல. டி.டி. எடுத்து, கவர் அனுப்பி, டி.டி.யில் மாற்றத்தக்க ஊரின் பெயரை வங்கிக்காரர் தப்பாகப் போட்டதால் திரும்பி வந்து, மறுபடி எடுத்து அனுப்பி, மைக்ரேஷன் கைக்கு வர இருபத்தாறு நாள். நல்லவேளையாகச் சேர்க்கையின் கடைசித் தேதியை நீட்டிக்கொண்டே போனார்கள். மைக்ரேஷன், புரொவிஷனல், கான்வொகேஷன் சர்டிஃபிகேட் மூன்றையும் படிப்பு முடிந்த கையோடு வாங்கி வைத்துவிடுங்கள், தேவை வரும்போது பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள், அங்கே முத்திரை இருந்தால் கேட்பார்கள்.

மீதி எல்லாம் சட்டென்று முடிந்தது. ஃபீஸ் யு.பி.ஐ.யில் போயிற்று, ரசீது உடனே வந்தது.

இன்று காலை ஐ.டி. கார்டை டவுன்லோட் செய்தேன். ஃபோட்டோ சரி, கோர்ஸ் சரி. பெயர் மட்டும் மூன்றாவது விதம்: அப்பா இனிஷியல் முன்னால், கணவர் பெயர் பின்னால், நடுவில் நான், அதிலும் ஒரு எழுத்து குறைச்சலாக. நாளைக்குப் பத்தரைக்கு மேல் லேண்ட்லைனில் அந்த அம்மாவைப் பிடிக்க வேண்டும்.