எல் பாசோவில் டிஏ வேலை: என் முதல் செமஸ்டர்

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், யூடெப் என்பார்கள், சிவில் மாஸ்டர்ஸ் சேரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஃபீஸ் பற்றித்தான். அதற்கு வழி டிஏ வேலை, அதாவது பேராசிரியருக்குப் பாடத்திலும் லேபிலும் உதவும் வேலை. படிப்போடு தொடர்புள்ள டிஏ அல்லது ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலையில் அரை நேரம், அதாவது வாரம் 20 மணி, இருந்தால் டெக்சாஸ்காரர்களுக்கான குறைந்த ஃபீஸ் கட்டினால் போதும். மாநிலச் சட்டமே அப்படி. எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வேலை பார்க்க உச்சவரம்பும் அதே 20 மணிதான்.

வேலை கிடைத்ததும் சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது சம்பளக் கணக்குக்கான அரசு எண், வாங்க வேண்டும். துறையின் வேலைக் கடிதம், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கடிதம், பாஸ்போர்ட், ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) எல்லாம் கையில் வேண்டும். வாங்கிய பிறகும் பாஸ்போர்ட்டையும் ஐ-20யையும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஐ-10 சாலையில் கிழக்கே போனால் சியரா பிளாங்கா அருகே எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருக்கிறது. நாட்டை விட்டு வெளியே போகாவிட்டாலும் அங்கே வண்டியை நிறுத்திக் கேட்பார்கள்.

அப்புறம், லேப். எனக்குக் கிடைத்தது மண் பொறியியல். பாடமும் ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில். ஆனால் இங்கே மாணவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள். சோதனை தொடங்கியதும் பேச்சு ஸ்பானிஷுக்குப் போய்விடும். மண் எந்த ஈரப்பதத்தில் குழம்பாகத் தொடங்கும் என்று பார்க்கும் திரவ எல்லை சோதனையில், பித்தளைக் கிண்ணத்தில் ஈர மண்ணைப் பூசி, நடுவே ஒரு கோடு கிழித்து, கைப்பிடியைச் சுற்றித் தட்டுவோம். 25 தட்டில் அந்தப் பிளவு அரை அங்குலத்துக்கு மூடிக்கொள்கிற ஈரப்பதம்தான் விடை. ஒருவர் சுற்ற, பக்கத்தில் இருப்பவர் 'வெய்ன்தித்ரேஸ், வெய்ன்திகுவாத்ரோ' (23, 24) என்று எண்ணுவார். நான் முதலில் கற்ற ஸ்பானிஷ் இந்த எண்கள்தான்.

லேபில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இருக்கும் ஹுவாரெஸ் நகரில் பள்ளி முடித்து வந்த பலர் கணக்கில் கெட்டி. ஆங்கிலத்தில் எழுதத்தான் நேரம் பிடிக்கும். அவர்களை எல் பாசோவிலேயே வளர்ந்தவர்களோடு ஒரே குழுவில் போட்டேன். சோதனையை ஸ்பானிஷில் அலசிவிட்டு ஆங்கிலத்தில் எழுதினார்கள். ரிப்போர்ட்டில் 'ஏன்' என்ற பகுதி நன்றாகத் தேறியது.

இன்னொன்று எல்லைப் பாலம். ஹுவாரெஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். வளாகத்திலிருந்தே அதன் வீடுகள் தெரியும். அங்கிருந்து தினமும் வருகிறவர்கள் விடியும் முன்பே பாலத்தில் எல்லைச் சோதனை வரிசையில் நிற்கிறார்கள். வரிசை எப்போது நகரும் என்பது அவர்கள் கையில் இல்லை. காலை லேபுக்கு ஒருவர் தாமதமாக வந்தால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேராசிரியரிடம் முதல் வாரமே பேசி, அதே வாரத்தின் மதிய லேபில் வந்து செய்ய அனுமதி வாங்கிவைத்தேன். அனுமதியைப் பாடத்திட்டத் தாளிலேயே எழுதிவிடுங்கள்; இல்லாவிட்டால் கேட்கத் தயங்குகிற மாணவர் அந்த லேபையே விட்டுவிடுவார்.