ஒரு டால்டன் குறைந்ததில் போன ஆறு வாரம்

ஒன்பதே அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) ஆறு வாரத்தைத் தின்றுவிட்டது. என்.கே. செல் (தொற்றுற்ற செல்களையும் புற்றுச் செல்களையும் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்) ஏற்பிகளில் வேலை செய்கிற யாராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது வி-எம்-ஏ-பி-ஆர்-டி-எல்-எஃப்-எல் (ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்). எச்.எல்.ஏ.-ஜி புரதத்தின் தொடக்கத் துண்டிலிருந்து வருவது. எச்.எல்.ஏ.-ஈ என்ற இன்னொரு புரதம் இதைப் பிடித்தபடி செல்லின் மேற்பரப்பில் நிற்கும், என்.கே.ஜி.2ஏ ஏற்பி அதைக் கண்டுகொண்டு என்.கே. செல்லை அடக்கும். விலை கேட்டது, கையெழுத்து வாங்கியது, பார்சல் வந்தது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன.

எச்.எல்.ஏ.-ஈ மரபணுவை ஏற்றிய கே562 (ஆய்வகத்தில் வளர்க்கும் ரத்தப் புற்றுச் செல்) செல்களோடு பெப்டைடைச் சேர்த்து இரவு முழுக்க 26 டிகிரியில் வைத்தேன். காலையில் எச்.எல்.ஏ.-ஈயில் ஒட்டும் ஒளிரும் ஆன்டிபாடியைச் சேர்த்து, ஒளிர்வைச் செல் செல்லாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தால், பெப்டைடு போட்ட குழாயின் வரைகோடும் போடாததன் கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன; பெப்டைடைச் செல் பிடிக்கவே இல்லை என்பது போல. ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டுப் புதுக் குப்பி வாங்கினேன். செல்களைச் சந்தேகப்பட்டு, உறையவைத்திருந்த இன்னொரு குப்பியை எடுத்து முதலிலிருந்து வளர்த்தேன். அதே கதைதான்.

அப்புறம், இரண்டாம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்குமோ என்று தோன்றியது. அப்படியானால் நிறை 16 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) கூடும். பெப்டைடோடு வந்த மாஸ் ஸ்பெக் (மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனை) தாளை எடுத்தேன். கூடவில்லை, ஒன்று குறைந்திருந்தது! என் கணக்கில் 1047.3, தாளில் 1046.3. ‘எதிர்பார்த்த நிறை’ என்ற கட்டத்திலும் அதே 1046.3, பக்கத்தில் பொருந்துகிறது என்று டிக் வேறு.

பெப்டைடின் கடைசியில் இருக்கும் கார்பாக்சில் (அமிலத் தொகுதி) முனையை அமைடாக (நைட்ரஜன் உள்ள தொகுதி) மாற்றினால் கிட்டத்தட்ட ஒன்று குறையும். ஆய்வகத்தின் பழைய ஆர்டர் ஒன்றை நகலெடுத்து, வரிசையை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தேன். அதிலிருந்த அமைடு அப்படியே தங்கிவிட்டது. விலைப்பட்டியலில் வரிசை, தூய்மை, அளவு மூன்றும்தான் இருந்தன. முனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எச்.எல்.ஏ.-ஈயின் பள்ளம் பெப்டைடின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொள்வது. கடைசியில் கார்பாக்சில் இல்லையென்றால் பிடிமானம் வெகுவாகத் தளர்ந்துவிடும்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். “தூய்மை 95 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே மேடம், அப்புறம் என்ன?” என்றார் எடுத்தவர். மூன்று முறை விளக்கினேன். “நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பினோம்” என்று வைத்துவிட்டார். பணம் போனது போனதுதான்.

மறு ஆர்டரில், இரண்டு முனைகளும் மாற்றமின்றி வேண்டும் என்று குறிப்புப் பெட்டியில் தனியாக எழுதி, பதில் வந்த பிறகே உறுதி செய்தேன். நிறையை நீங்களே கணக்குப் போடுங்கள்; தாளில் இருக்கும் ‘எதிர்பார்த்த நிறை’ ஆர்டரில் உள்ளதற்கான கணக்குதான், உங்களுக்கு வேண்டியதற்கானது அல்ல. இன்னொன்று: தூய்மை வேறு, நிகர பெப்டைடு அளவு வேறு. தூளில் டி.எஃப்.ஏ. (தயாரிப்பில் பயன்படும் ஒரு அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். எடுத்த எடையை அப்படியே வைத்துச் செறிவு கணக்கிட்டால் கரைசல் நீர்த்துத்தான் இருக்கும். ஒப்பீட்டுக்கான பெப்டைடையும் அதே ஆர்டரில், அதே உப்பு வடிவில் கேளுங்கள். கரைத்ததும் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறையவைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப உருக்கினால் மெத்தியோனின் நிஜமாகவே கெடும்.

புதுப் பெப்டைடு வந்த வாரம் அதே செல்கள், அதே 26 டிகிரி. காலையில் கோடு வலப்பக்கம் தெளிவாக விலகி நின்றது. அடுத்த நாள் என்.கே. செல்களைச் சேர்த்தபோது, என்.கே.ஜி.2ஏ உள்ளவற்றில் சி.டி.107ஏ (செல் தாக்கும்போது மேற்பரப்பில் தெரியும் குறி) இறங்கியிருந்தது.