பஸ்சிமி ஸ்டார்: எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு முன் தாத்தாவைத் தெரிந்துகொண்டது

ராணுவ அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி. எனும் ஐந்து நாள் ஆள்தேர்வுக்கு முதல் தடவை பெங்களூர் போனபோது, ராணுவத்தில் ஏன் சேர வேண்டும் என்று கேட்டார்கள். "என் தாத்தா 1971 போரில் சண்டை போட்டவர், அவர் வழியில் போகிறேன்" என்றேன். எங்கே சண்டை போட்டார் என்று கேட்டார் அதிகாரி. "பங்களாதேஷில், சார்." என்ன மெடல்? தெரியவில்லை. அவர் யூனிட் என்ன வேலை செய்தது? அதுவும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தபோது, அதில் என் செஸ்ட் நம்பர் (மார்பில் அணியும் எண்) இல்லை. அந்த ஒரு பதிலால் மட்டும் போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரயிலில் வீடு திரும்பும்வரை உறுத்தியது அதுதான்.

வந்ததும் அப்பத்தாவிடம் கேட்டுத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்சார்ஜ் புக் இருந்தது. மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது பெங்களூர் எம்.இ.ஜி. எனும் ராணுவப் பொறியாளர் படை. துணிக்குள் சுற்றியிருந்த மெடல்களில் ஒன்று பஸ்சிமி ஸ்டார். 1971-இல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது. கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். அந்தப் போரையே எங்கள் வீட்டில் 'பங்களாதேஷ் சண்டை' என்று சொல்லிச் சொல்லி, தாத்தா நின்ற திசையையே மாற்றி வைத்திருந்தோம்.

யூனிட் பெயரைப் பிடித்துக்கொண்டு படித்தேன். மேற்கு முனையில் ஷகர்கர் பகுதி, அங்கே பசந்தர் ஆறு. டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைத் தாண்டி இடம் பிடித்துவிட்டது. பின்னால் டாங்கிகள் போக வேண்டுமானால் கண்ணிவெடி வயலில் பாதை வெட்ட வேண்டும். அது சேப்பர்களின் வேலை. பாதி முடிவதற்குள் எதிரி டாங்கிகள் நெருங்குவதாகச் செய்தி வர, நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் மிச்ச வெடிகளுக்கு நடுவிலேயே பாய்ந்து போயின. மறுநாள் அந்தப் படைப்பிரிவின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் உயிர்விட்டது அங்கேதான். பரம்வீர் சக்ரா பெற்ற அவரைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். அந்தப் பாதையில் தாத்தாவின் யூனிட் கை இருந்தது அன்றுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பணியாற்றியிருந்தால் பாட்டியிடம் இப்போதே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மெடலின் விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெங்களூர் போகும்போது முடிந்தால் மெட்ராஸ் சேப்பர்ஸ் அருங்காட்சியகத்தையும் விசாரித்துப் பாருங்கள்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓ.டி.ஏ. எனும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு இரண்டே தாள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், அதனால் ஊகித்து அடிக்காதீர்கள்.

எஸ்.எஸ்.பி.யில் வரும் உளவியல் தேர்வில்தான் நான் முதல் தடவை பெரிய தப்பு செய்தேன். படம் பார்த்து எழுதும் கதைகளில் முக்கால்வாசியில் போர், தியாகம், கொடி. ஒரு சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை எழுதும் தேர்வில், சொல்லுக்கு 15 விநாடி வீதம் 60 சொற்கள் வரும்போதும் அதே பாட்டு. அது என் மனதில் இயல்பாக வந்ததில்லை, அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து எழுதியது. இரண்டாம் தடவை கல்லூரி, பேருந்து, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எனக்குத் தெரிந்ததையே எழுதினேன்.

இரண்டாவது நேர்முகத்திலும் தாத்தா வந்தார். இந்த முறை பசந்தரைப் பற்றி நிதானமாகச் சொன்னேன். அதிகாரி கேட்டுவிட்டு, "சரி, அது அவர் செய்தது. நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்றார். இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் தயாராக வேண்டும். குடும்பத்துக்காக அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. என்.எஸ்.எஸ். முகாமில் கண்மாய்க் கரையைச் சீர்செய்ய இருபது பேரைக் கூட்டிப் போனதையும், மூன்றாம் நாள் பாதிப்பேர் வராமல் போனதையும், மிச்சப்பேரை வைத்து வேலையைப் பிரித்துக்கொண்டதையும் உள்ளபடி சொன்னேன். நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டார்.

இந்த முறை என் எண்ணை வாசித்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் முன் அப்பத்தாவுக்குப் போன் செய்தேன்.

"தாத்தா எந்தப் பக்கம் நின்னாருன்னு கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க அப்பத்தா. மேற்கேன்னு சொன்னேன்."